கோழிக்குத் தெரியுமா?

படக்கதைப் புத்தகம் ஒன்றை எனக்கென்று கையில் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் பார்த்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்குள் நான் தொடக்கப் பள்ளி ஆசிரியராகிச் சில வருடம் ஆகியிருந்தது. எங்கள் மாதிரி வீடுகளில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. விழுப்புரம் பக்கத்துக் கிராமம், மானாவாரி நிலம், மல்லாட்டை போட்டால் அந்த வருடம் துணிமணி உண்டு. அம்மா கைநாட்டு. வீட்டில் இருந்த படம் என்றால் மளிகைக் கடையில் கொடுத்த சிவகாசி காலண்டர்தான். அப்பா முடிவெட்டிக்கொள்ளும் நேரத்தில் சலூன் பெஞ்சில் பழைய அம்புலிமாமா புரட்டக் கிடைக்கும். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் பெயர் சங்கர் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டது.

பிறகு எழுத்து வந்தது. எழுத்து வந்ததும் படம் போய்விட்டது. ஆசிரியர் பயிற்சியிலும் படத்துக்கு ஒரே வேலைதான் சொல்லித் தந்தார்கள்: அணில் படத்தைக் காட்டு, அணில் என்று சொல்ல வை, ‘அ’வைக் கற்றுக்கொடு. இது பழைய வழி. செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658-இல் குழந்தைகளுக்கென்று படம் போட்டுப் பாடநூல் அச்சிட்டார். அவரும் படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் கொடுத்து, பக்கத்தில் அந்த எண்ணுக்குரிய சொல்லைத்தான் வைத்தார். எழுத்துக்குப் போகிற வழியில் படம் ஒரு கைகாட்டி. ஊர் வந்து சேர்ந்தபின் கைகாட்டியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நானும் பார்த்ததில்லை.

என் எண்ணத்தை மாற்றியது மொத்தம் 32 சொற்களே உள்ள ஒரு புத்தகம். இங்கிலாந்துக்காரரான பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968-இல் வெளிவந்த ‘ரோஸீஸ் வாக்’. வெளியூரில் வேலை பார்த்த தோழி ஒருத்தி கொடுத்தது. ஒரு கோழி உலாத்தக் கிளம்புகிறது. முற்றத்தைத் தாண்டுகிறது, குளத்தைச் சுற்றுகிறது, வைக்கோல் போரில் ஏறி இறங்குகிறது, மாவு மில்லைக் கடக்கிறது, வேலிக்குள் நுழைகிறது, தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அடியில் போகிறது, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. எழுத்தில் உள்ள கதை இவ்வளவுதான். நானாக வாசித்திருந்தால் ஒரே நிமிடத்தில் மூடி வைத்திருப்பேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் என் பொறுப்பு. மூன்றையும் ஒன்றாகப் பாயில் உட்காரவைத்து, ஆங்கில வரியை எங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். “கோழி ஒலாத்தப் போவுது” என்று தொடங்கி இரண்டு பக்கம் போவதற்குள் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். “டீச்சர், நரி! பின்னாலயே வருது பாருங்க!”

எழுத்தில் நரி கிடையாது. கடைசிப் பக்கம் வரை அந்தச் சொல்லே வராது. படத்தில் மட்டும் நரி விடாமல் கோழியைத் தொடர்கிறது. பாயும்போது தரையில் கிடக்கும் பல் வைத்த வாருகோலை மிதிக்க, அதன் காம்பு எழுந்து மூக்கில் அடிக்கிறது. அடுத்த பாய்ச்சலில் குளத்தில் விழுகிறது. அதற்கடுத்து வைக்கோலில் புதைகிறது. மில் அருகே மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது. வேலி தாண்டிக் குதித்தால் ஒரு வண்டிக்குள் விழ, வண்டி உருண்டு தேன்பெட்டிகளில் மோதுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த நரி ஓடுகிறது, கோழி தன் கூட்டுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு விபத்தும் இரண்டு பக்கம்: முதலில் நரி பாயும் கணம், பக்கம் திருப்பினால் அது மாட்டிக்கொண்ட கணம். இடையில் உள்ள அந்தத் திருப்பலில்தான் குழந்தைகள் என்ன நடக்கப்போகிறது என்று ஊகிக்கிறார்கள். வாருகோல் தரையில் கிடப்பதை முன்பக்கத்திலேயே பார்த்துவிட்ட ஒரு சிறுவன், “அத மிதிச்சா மூஞ்சில அடிக்கும்” என்று எனக்கு முன்பே சொல்லிவிட்டான். அவனுக்கு அப்போது ‘க’, ‘ச’ இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் காரணமும் விளைவும் தெரிந்தது. ஒரு கதைப் பக்கத்தை வாசிக்கவும் தெரிந்தது.

புத்தகம் முடிந்தபின் நான் கேட்கவே நினைத்திராத ஒரு கேள்வி பிள்ளைகளிடமிருந்து வந்தது. நரி பின்னால் வருவது கோழிக்குத் தெரியுமா, தெரியாதா? பாய் இரண்டாகப் பிரிந்தது. தெரியாது என்றவர்கள், கோழி ஒரு பக்கத்தில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றார்கள். தெரியும் என்றவர்கள் மில் பக்கத்தைத் திருப்பச் சொன்னார்கள். அங்கே மாவு மூட்டையின் கயிறு கோழியின் காலில் சுற்றியிருக்கிறது. “அதான் இழுத்துச்சு. வேணும்னுதான் இழுத்துச்சு.” எதிர்க் கட்சி விடவில்லை: “கால்ல தானா மாட்டிக்கிச்சு, கோழிக்கு அது எப்பிடித் தெரியும்?” ஒருத்தி எழுந்து வந்து கோழியின் கண்ணில் விரல் வைத்து, “பாதி மூடியிருக்கு, பயமிருந்தா இப்பிடி இருக்குமா?” என்றாள். படத்தை ஆதாரமாக வைத்து இவ்வளவு நேரம் வாதாடியவர்கள் ஏழு வயதுப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் ‘உன் கருத்துக்குச் சான்று தருக’ என்று எழுதச் சொல்கிறோமே, அந்த வேலையை இவர்கள் ஏழு வயதில் வாயால் செய்துகொண்டிருந்தார்கள்.

அன்று அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் திரும்பினால், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுபது வருட வாழ்க்கையில் அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டி நான் பார்த்தது அதுதான் முதல். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, “கோழிக்குத் தெரியும்டி. தெரியாத மாதிரி நடக்குது. திரும்பிப் பாத்தா நரிக்குத் தைரியம் வந்துரும்ல” என்றார். காட்டு வழியாகத் தனியே விறகுக்குப் போய்வந்த பெண்பிள்ளையின் அனுபவம் அந்தப் பதிலில் இருந்தது. படித்த எனக்கு அப்படி ஒரு விடை தோன்றவே இல்லை. எழுத்துத் தெரியாது என்ற ஒன்றை வைத்து அம்மாவுக்குக் கதை வாசிக்கத் தெரியாது என்று நான் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

அதன்பின் என் வகுப்பில் படக்கதைப் புத்தகம் தனிப் பாடவேளையாகவே ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில் பிடிபட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பார்க்கவிட வேண்டும். புத்தகத்தை மார்புக்கு நேராக, பக்கவாட்டில் பிடித்து, சன்னல் வெளிச்சம் வழவழப்புத் தாளில் பட்டுக் கண் கூசாதபடி நின்றால் இருபது பிள்ளைகள் வரை பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் கடினம். நியூசிலாந்தில் டான் ஹோல்டவே என்ற கல்வியாளர் 1970-களில் இதற்காகவே பெரிய அளவுப் புத்தகங்களைச் செய்து, வகுப்பே சேர்ந்து வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தார். நாங்கள் சார்ட் அட்டையில் செய்தோம். படத்தைப் பிள்ளைகளே பெரிதாக வரைந்தார்கள். நரி சில இடங்களில் நாய் ஆனது, அதனால் ஒன்றும் குறையவில்லை. இப்போது பல பள்ளிகளில் திரை இருக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக எடுத்துத் திரையில் காட்டலாம், அச்சிடலாம். ஆனாலும் பக்கம் திருப்பும் விரலைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தத் தவிப்பு திரையில் அவ்வளவு வருவதில்லை. கையில் புத்தகம் இருந்தால் புத்தகத்தையே எடுங்கள்.

இரண்டாவது, கேள்வி. “இது என்ன? அது என்ன நிறம்?” என்று கேட்டுக்கொண்டே போனால் ஒற்றைச் சொல் விடைதான் வரும். கல்வியாளர் கிருஷ்ணகுமார் குழந்தையின் மொழியையும் ஆசிரியரையும் பற்றி 1986-இல் எழுதிய சிறு நூலில், ஒரு படத்தை வைத்துக் குழந்தையோடு எத்தனை விதமாகப் பேசலாம் என்று பிரித்துக் காட்டியிருப்பார். படத்தில் தேடிக் கண்டுபிடிப்பது, ஏன் என்று காரணம் சொல்வது, அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது, தன் வாழ்க்கையோடு பொருத்திப் பேசுவது. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். அமெரிக்காவில் உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்தார்கள்: படக்கதையை நீங்களே வாசித்துத் தள்ளாதீர்கள், விரிவாகப் பதில் சொல்லவைக்கும் கேள்விகளைக் கேளுங்கள், குழந்தை சொன்னதை எடுத்து இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. செலவு ஒரு பைசா இல்லை. பொறுமைதான் வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது ஆசிரியருக்கு எளிதில் வராத பழக்கம்.

செயல்பாடு அதற்கப்புறம்தான். அதுவும் அந்தப் புத்தகத்தின் வயிற்றிலிருந்தே வரவேண்டும். கோழிக் கதையை முடித்தபின் பிள்ளைகளே கோழியாகிப் பள்ளி வளாகத்தைச் சுற்றினார்கள்: கைபம்பைச் சுற்றி, புளியமரத்துக்கு அடியில், சத்துணவுக் கூடத்தைத் தாண்டி, வேலிச் சந்துக்குள் நுழைந்து, கொடிக்கம்பத்துக்கு வந்து சேர வேண்டும். பின்னால் ஒருவன் நரி. திரும்பி வந்து நடந்த வழியைக் கீழ்மட்டக் கரும்பலகையில் வரைந்தார்கள். மேலே கீழே, உள்ளே வெளியே என்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கின் தொடக்கம், வரைபடம் சூழ்நிலையியல், போன வழியைச் சொல்வதும் எழுதுவதும் தமிழ். மூன்று வகுப்பும் ஒரே வேலையில் இருந்தது. பின்னாளில் 2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழந்தைகளைக் குழு பிரித்தபோதும், நாளுக்கு ஒருமுறை எல்லாரையும் ஒரே பாயில் சேர்த்து உட்காரவைக்க எனக்குக் கைகொடுத்தது படக்கதைதான். அங்கே அரும்பு மலருக்கு விளக்கம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழு (1969) உலகெங்கும் வகுப்பறைகளில் இருக்கும் புத்தகம். திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று வெள்ளி வரை ஒவ்வொன்றாகக் கூடும். புழு தின்ற இடத்தில் தாளிலேயே ஓட்டை இருக்கும். ஓட்டையில் விரலை விட்டு எண்ணினால் வெள்ளிக்கிழமை முடிய 15. அது கணக்கு. ஆனால் எங்களுக்கு அந்தப் புத்தகம் கொடுத்தது வேறு. பள்ளிக்குப் பின்னால் எருக்கஞ்செடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிபோட்ட புழு இருப்பதைப் பிள்ளைகள் இலையோடு கொண்டுவந்து, வலைத்துணி கட்டிய பாட்டிலில் வைத்தார்கள். புத்தகத்துப் புழு சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம் எல்லாம் தின்னும். அதைப் பார்த்துவிட்டு இதற்குக் கொய்யா, வாழைப்பழம், பிஸ்கட்டெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். எருக்க இலையைத் தவிர எதையும் அது தொடவில்லை. “புக்குல இருக்கறது கத, இது நெசம்” என்று ஒரு பெண் தீர்ப்புச் சொன்னாள். பச்சை மணிபோலத் தொங்கிய கூட்டுப்புழு சில நாளில் ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் வைத்த பட்டாம்பூச்சியாகி வெளியே வந்தது. அன்று மதியம் நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை. யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

சென்னையில் இருக்கும் தாரா புத்தக நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ‘டைகர் ஆன் எ ட்ரீ’ இன்னொரு வகை. அனுஷ்கா ரவிசங்கர் எழுத்து, புலக் பிஸ்வாஸ் ஓவியம். கறுப்பும் ஆரஞ்சும் மட்டுமே நிறம். மரத்தில் ஏறிவிட்ட புலியை ஊர்க்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள். பிடித்தாயிற்று, இனி என்ன செய்வது? அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட வேண்டும், வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்ப வேண்டும், கோழி போட்டால் போய்விடும், ஆட்டைத் தின்னும் அதனால் விடக்கூடாது என்று ஆளுக்கொன்று. சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினேன். ‘தின்னும்’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளை, தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் முழுதாகப் படித்துவிட்டது. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன் வார்னர் இந்த வழியைத்தான் ‘டீச்சர்’ என்ற நூலில் 1963-இல் எழுதினார்: குழந்தையின் சொல்லே அதன் முதல் பாடநூல்.

துளிகா வெளியிட்ட அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’ வந்தபோது வகுப்பே சிரித்து உருண்டது. சளி பிடித்த யானையின் தும்மல்தான் கதை. மறுநாள் வீட்டில் பாட்டியிடம் சளிக்கு என்ன மருந்து என்று கேட்டு வரச் சொன்னேன். கற்பூரவல்லி, நொச்சி ஆவி, மிளகு ரசம், சுக்கு, தூதுவளை. ஒருபக்கத் தாளை மடித்து, கோணி ஊசியால் தைத்து, ‘யானைக்கு வைத்தியம்’ என்று பிள்ளைகளே ஒரு புத்தகம் செய்தார்கள். அதை வாசிக்க ஒரு பாட்டி பள்ளிக்கே வந்துவிட்டார், தன் மருந்தை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க.

இவ்வளவு சொன்னபின் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் புத்தகத்துக்கும் செயல்பாடு வேண்டாம். சிலவற்றை வாசித்து, சிரித்து, மூடிவிட வேண்டும். கதை முடிந்த கையோடு பயிற்சித்தாள் வந்தால், இரண்டு வாரத்தில் பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டாலே பின்வாங்குவார்கள். “இக்கதையால் அறியும் நீதி யாது?” என்ற கேள்வியை நான் அடியோடு விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த விடையைச் சொல்லப் பழகுகிறார்களே தவிர, கதையைப் பற்றி யோசிப்பதில்லை. கோழிக் கதைக்கு நீதி என்ன? எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடிச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த வாதம் நடந்திருக்காது.

எனக்கும் பயம் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் பாடம் நடத்தாமல் கதை சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்தால்? அதற்காகப் பாடக்குறிப்பேட்டில் ஒவ்வொரு படக்கதைக்கும் எந்தக் கற்றல் விளைவு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எழுதி வைக்கத் தொடங்கினேன். எழுதப்போனபோதுதான் ஒரு புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. கேட்டவர்களுக்கு அந்தக் குறிப்பேடு போதுமானதாக இருந்தது.

இன்னொரு பயம் பெரியது. புத்தகங்கள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியவை. கிழிந்தால், தொலைந்தால் யார் பதில் சொல்வது? இதனால்தான் பல பள்ளிகளில் நல்ல புத்தகங்கள் பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருக்கின்றன. புத்தகப் பூங்கொத்து என்று அரசு கொடுத்தவையும், நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வாசிப்பு இயக்கம் கொடுத்தவையும் இப்படிப் பூட்டிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குக் கேட்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. எங்கள் வகுப்பில் பிள்ளைகளின் கைவேலை தொங்கவிடும் கம்பிப் பந்தலுக்குக் கீழே, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் நைலான் கயிறு கட்டி, துணிக் கிளிப்பு போட்டுப் புத்தகங்களைத் தொங்கவிட்டோம். வெள்ளிக்கிழமை ஆளுக்கொன்று வீட்டுக்கு. எழுத்துத் தெரியாத அம்மா, அப்பா, ஆயா யாராக இருந்தாலும் படத்தைப் பார்த்துப் பிள்ளைக்குக் கதை சொல்ல வேண்டும், திங்களன்று பிள்ளை அந்தக் கதையை எங்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, “எங்களுக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர்” என்று தயங்கினார்கள். அம்மாவின் பதிலை அவர்களுக்குச் சொன்னேன். அடுத்த வாரமே கோழிக் கதை மூன்று வீட்டில் மூன்று விதமாகத் திரும்பி வந்தது. ஒரு வீட்டில் கோழி நரியைத் திட்டமிட்டுப் பழிவாங்கியிருந்தது.

சில புத்தகங்கள் கிழிந்தன. ஒன்றிரண்டு வரவே இல்லை. கிழிந்ததைப் பிள்ளைகளே ஒட்டினார்கள்.

ஆசிரியத் தோழர்களே, இந்த வாரமே பீரோவைத் திறந்து பத்துப் புத்தகங்களையாவது வெளியே எடுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பள்ளிக்கு வரும்போது பதிவேட்டில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேளுங்கள், அதோடு எத்தனை புத்தகம் வாசித்து நைந்திருக்கிறது என்றும் கேளுங்கள். நைந்த புத்தகத்தைக் கழித்துவிட்டு அதற்குப் பதில் புதிது தர ஓர் உத்தரவு போடுங்கள். அந்த ஓர் உத்தரவு வந்தால் மாநிலம் முழுக்கப் பீரோக்கள் திறந்துவிடும்.